இரண்டாம் மணி

இப்போதெல்லாம் சென்னை சென்ட்ரலில் இரவு ரயிலேறினால் மறுநாள் காலையில் போடிநாயக்கனூர். வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டி ஓடுகிறது. 1994இல் நர்ஸம்மா ஊரைவிட்டுக் கிளம்பியபோது மதுரைவரை மீட்டர் கேஜ் வண்டிதான். 1928இல் திறந்த பாதை அது. அதை அகலமாக்க 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. இதற்கிடையில் மாவட்டமே மாறிவிட்டது. அவர் புறப்பட்டது மதுரை மாவட்டத்திலிருந்து, வந்து இறங்கியது தேனி மாவட்டத்தில்.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நர்ஸாக வேலை பார்க்கிறார். வயது ஐம்பத்திரண்டு. நடுவில் ஒரே ஒரு தடவை, அம்மாவின் அடக்கத்துக்காக மூன்று நாள் வந்து போனதோடு சரி. 2024 டிசம்பரில் வந்தபோது கூடவே பதினேழு வயது மகள். ஊரைக் காட்டக் கூட்டிவந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னார். மனதில் இருந்தது வேறு. மகள் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சண்டை இல்லை, வாக்குவாதம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "அங்க என்னை யாருக்கும் தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னாள். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற சபை அது. அந்த ஒரு வார்த்தை அம்மாவைத் தூங்கவிடவில்லை.

ஸ்கார்பரோ சபையில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அன்பானவர்கள், உழைப்பாளிகள். ஆனால் பெரியவர்களின் தமிழ் ஆராதனை மேல்தளத்தில், பிள்ளைகளின் ஆங்கில வகுப்பு கீழ்தளத்தில். முடிந்ததும் அவரவர் கார். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் முகம் பார்ப்பது கிறிஸ்துமஸ் நாடகத்தன்றுதான். மதுரைச் சீமைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சபை வழியாக ஒரு பழைய உறவு உண்டு. 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷனைத் தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அங்கே படித்த தமிழ் இளைஞர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். போடி, பெரியகுளம் பக்கத்துப் பழைய சபைகளின் வேரைத் தேடிப் போனால் அந்த மிஷனில்தான் போய் நிற்கும்.

ஊரில் அண்ணன் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். வீட்டு முன்கூடத்தில் பெண்கள் நாலைந்து பேர் முறத்தோடு உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பருமனான பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது நிறமும் பருமனும். மகள் கீழே உட்கார்ந்து ஒரு முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண் ஒருவர் எதுவும் கேட்காமல் அவள் கையைப் பிடித்து, இரண்டு விரலால் காயை உருட்டிப் பார்ப்பது எப்படி என்று காட்டினார். மத்தியானம்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் ஆலயத்துக்குப் போவதில்லை. முப்பத்தேழு வருடமாக.

1987 டிசம்பர், கேரல் ரவுண்ட்ஸ். அவருக்கு வயது பதினேழு, டிரம் அவர் கையில். தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போகையில் ஒரு திருப்பத்தில் சினிமாப் பாட்டுத் தாளம் ஒன்று விழுந்துவிட்டது. கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர் ஒருவர் அத்தனை பேர் முன்னிலையிலும் அவரை நிறுத்தி, கையிலிருந்த குச்சிகளை வாங்கிக்கொண்டார். "இது கோயிலா, கொட்டகையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பையன் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு கல்யாணம், அடக்கம் தவிர உள்ளே வரவில்லை. எந்தச் சபை, எந்தப் பெரியவர் என்று தங்கை இன்றுவரை வெளியில் சொன்னதில்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. ஆலயத்தைக் காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்பினார். பெரும்பாலும் பிள்ளைகளை இழப்பது இப்படிப்பட்ட நல்லவர்களின் கையால்தான்.

அதே ஆலயத்தில் தங்கையை நிற்கவைத்தது ஞாயிறு பள்ளி டீச்சர். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. "வாத்தா, உள்ள வா. இது உம் மகளா? கைய நீட்டு, பாப்போம்" என்றார். மகளின் உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, "ஏலக்கா வாசம் அடிக்குது. சரிதான், நம்ம ஊருப் பிள்ளைதான்" என்றார்.

டீச்சர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தார், அதை எல்லோரும் செய்தார்கள். இவர் கூடுதலாக ஒன்று செய்தார்: வேலை கொடுத்தார். மணிக்கயிற்றை முதலில் அண்ணன் கையிலும் பிறகு தங்கை கையிலும் கொடுத்தது அவர்தான். பொம்பளைப் பிள்ளை மணி அடிப்பதா என்று யாரோ முணுமுணுத்தபோது, "அடிச்சா சத்தம் வருதுல்ல?" என்றார். முதல் மணி எட்டரைக்கு, இரண்டாம் மணி ஒன்பதுக்கு. பன்னிரண்டு வயதில் ஒரு ஊரையே ஆராதனைக்குக் கூப்பிடும் பொறுப்பு. காய்ச்சல் என்று ஒரு ஞாயிறு போகாவிட்டால் சாயங்காலம் டீச்சர் வீட்டுவாசலில் நிற்பார். "மணி தப்பாக் கேட்டுச்சு, அதான் பாக்க வந்தேன்" என்பார்.

டீச்சருக்கு மிகவும் பிடித்த கதை வேதநாயகம் சாஸ்திரியார் கதை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்த் தம்மோடு வைத்துப் படிக்கவைத்தார். பத்தொன்பது வயதில் அவர் அங்கே பள்ளித் தலைமை ஆசிரியர். பின்னாளில் மன்னரான சரபோஜிக்கும் அதே சுவார்ட்ஸ்தான் ஆதரவு. ஒரு ஜெர்மன் பெரியவர் ஒரு தமிழ்ப் பையனை நம்பி அழைத்துப்போகாமல் இருந்திருந்தால் இன்று நம் ஆலயங்களில் பாடும் பல கீர்த்தனைகள் இல்லை. "பன்னெண்டு வயசு" என்று டீச்சர் அழுத்திச் சொல்வார், வகுப்பில் பன்னிரண்டு வயதுக்காரர்களைப் பார்த்தபடி.

பிள்ளைகளை நம்பிப் பொறுப்புக் கொடுப்பதை ஓர் இயக்கமாகவே நடத்திக் காட்டியவர் பிரான்சிஸ் கிளார்க். 1881 பிப்ரவரி 2ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்லண்டில், மதுரை மிஷனை அனுப்பிய அதே காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்த ஆலயம் ஒன்றில், வாலிபர்களைக் கூட்டி 'கிறிஸ்தவ முயற்சி சங்கம்' தொடங்கினார். பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு உட்காரவைக்காமல், ஜெபத்தை நடத்துவது, புதியவர்களை வரவேற்பது, நோயாளிகளைப் பார்க்கப்போவது என்று குழு குழுவாகப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். சில ஆண்டுகளில் அது உலகம் முழுக்கப் பரவியது. நம் பக்கத்துச் சபைகளில் 'எண்டவர்' என்ற பெயரில் அதை அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

டீச்சரின் பிள்ளைப் பருவத்தில் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தின் பிஷப் லெஸ்லி நியூபிகின். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தப் பொறுப்பை ஏற்ற அவருக்கு வயது முப்பத்தேழுதான். கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனபோது விசுவாசத்தில் உறுதியில்லாத மாணவர். மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் கிடைத்த நட்பு அவரை மெல்ல உள்ளே இழுத்தது. இன்றைக்கு முப்பத்தேழு வயதுக்காரரை நம் சபைக் கமிட்டியில் 'சின்னப் பையன்' என்கிறோம்.

ஊரில் இப்போது ஆலயத்து வாலிபர்கள் குறைந்துவிட்டார்கள். படிக்கக் கோயம்புத்தூர், வேலைக்குச் சென்னை. மிஞ்சியிருப்பவர்களில் பலர், விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள். காலையில் எழும்போது வீட்டில் அம்மா இருக்கமாட்டார். டீச்சர் மூத்தவர்கள் சிலரைச் சேர்த்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஒவ்வொரு மூத்தவர் வீட்டுக்கும் ஒரு பிள்ளை. மாதம் ஒரு நேரமாவது அங்கே சாப்பாடு. பரீட்சை, காய்ச்சல், காதல், எதுவானாலும் முதலில் சொல்ல ஓர் ஆள். அமெரிக்காவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த இளைஞர் ஆய்வு மையம் இதையே வேறு கணக்கில் சொல்கிறது: ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று தேடாதீர்கள், ஒரு பிள்ளைக்கு ஐந்து பெரியவர்கள் என்று தேடுங்கள். நர்ஸம்மா அதை டீச்சரிடம் சொன்னார். "அஞ்சா? ஒண்ணு ஒழுங்கா கிடைச்சாப் போதும்த்தா" என்றார் டீச்சர்.

அண்ணன் வீட்டுக்கும் டீச்சர் போகாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பொட்டலம் கேக். திட்டியது அவர் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது அவர்தான்.

கேரல் ராத்திரி ஒன்பது மணிக்கு, வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கும் தம்பி மூச்சிரைக்க அண்ணன் வீட்டுக்கு வந்தான். பேசிவைத்த ஜீப் வரவில்லையாம். "மேட்டுல லயத்துல நாலு குடும்பம் காத்திருக்குண்ணே. உங்க ஜீப்பு கிடைக்குமா?" அண்ணன் சாவியை நீட்டினார். "யாருண்ணே ஓட்டுறது?" என்றான் அவன். வேறு யாருக்கும் ராத்திரியில் அந்தப் பாதை ஓட்டிப் பழக்கமில்லை.

போடிமெட்டுவரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. பனி இறங்கியிருந்தது. பின்னால் எட்டுப் பேர், நடுவில் மகள், அவள் மடியில் யாரோ வைத்த டிரம். போகிற வழியில் அண்ணன் தோட்டத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஏலத்துக்கு மேலே மரநிழல் வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். நிழல் அடர்ந்துபோனாலும் காய் பிடிக்காது. அதனால் மழைக்கு முன்னால் மரத்தின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். "வெட்டாம விட்டா?" என்று கேட்டாள். "செடி இருக்கும். பச்சையா, அழகா இருக்கும். காய் இருக்காது" என்றார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பாடும்போது பையன்களின் கை தாளம் தவறி ஒரு சினிமாப் பாட்டுக்குள் போய் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்பிலிருந்து இறங்காமல் இருந்த அண்ணனின் விரல்கள் ஸ்டீயரிங்கில் அதே தாளத்தைத் தட்டின. தங்கை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு டீச்சர் மகளைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். முதல் மணி சரியாக விழவில்லை. அவள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டே இழுத்தாள். மணி திக்கித் திக்கிச் சத்தம் போட்டு நின்றது. முகம் சிவந்துவிட்டது. ஒன்பதுக்கு இரண்டாம் மணி. அவள் கயிற்றைத் தொடுமுன் மதிலுக்கு வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

"அப்பிடிப் புடிக்காதத்தா! இழுத்துட்டு விட்ரு. கயிறு மேல போகட்டும். திரும்பி வரும்போது புடி."

மதில்மேல் கையை ஊன்றி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்து விட்டாள்.