சேனலை நானே தேர்ந்தெடுக்க வேண்டும்

திங்கள்

மோட்டாருக்குப் புது ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டினோம். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அப்பா இனி மாடிப்படி இறங்க வேண்டாம். இந்த மாதிரிச் சின்னச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். கீழ்த்தளத்தில் ஒன்று, மாடியில் ஒன்று எனப் பெட்டிகள் வைத்த எங்கள் மெஷ் ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கிறது. போன் 5-ஐப் பிடித்துக்கொண்டு விடுவதாக இல்லை. இணைக்கிற நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வைத்தால் போதும். ரவுட்டர் செயலியில் அதற்கு வழியே கிடையாது. கடைசியில் கீழ்த்தளத்துப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாடிப் பெட்டியின் 2.4 போனில் ஒட்டும்வரை காம்பவுண்டு ஓரம் நின்றோம். சுவிட்ச் இணைந்தது. ஒரு டிக் அடித்து முடிக்க வேண்டிய வேலைக்கு ஒரு சாயங்காலமே போனது.

புதன்

மெஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒற்றை ரவுட்டர் இருந்த காலத்தில் இந்தக் கான்கிரீட் வீட்டில் அப்பாவின் அறைக்கு வைஃபை எட்டாது. இப்போது அக்காவுடன் வீடியோ காலில் பேசிக்கொண்டே மாடியிலிருந்து வாசல்வரை வருகிறார், பேச்சு அறுவதில்லை. போன் எந்தப் பெட்டியிலிருந்து எதற்குத் தாவியது என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் தானாக நடப்பது அவருக்கு நல்லது, அது அப்படியே இருக்கட்டும்.

எனக்குத் தெரிய வேண்டும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்த 1, 6, 11 என்று மூன்று சேனல்கள்தான் உண்டு. அலைவரிசை காட்டும் செயலியைப் போனில் திறந்தால், 6-ல் அக்கம்பக்கத்து வீடுகளின் வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. எங்கள் பெட்டிகளும் அதே 6-ல். 11 கிட்டத்தட்டக் காலி. ரவுட்டர் செயலியில் இருப்பது ‘ஆப்டிமைஸ்’ என்ற ஒரே பொத்தான். அழுத்தினேன், சக்கரம் சுற்றி நின்றது. மறுபடியும் 6.

இணைப்புக் கொடுத்த தம்பியைக் கேட்டேன். “அதெல்லாம் ஆட்டோதாண்ணே, நாம தொட முடியாது” என்றான்.

வெள்ளி

தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் வைஃபைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் பேரன் படங்களை அம்மா டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ரவுட்டர் செயலி திறக்கவில்லை. அதற்கு நிறுவனத்தின் சர்வர் வழியாக லாகின் செய்ய வேண்டும், சர்வருக்குப் போக இன்டர்நெட் வேண்டும். காசு கொடுத்து வாங்கி என் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டியின் பாஸ்வேர்டை மாற்ற எங்கோ இருக்கும் சர்வரின் அனுமதி எதற்கு? இந்த வாரம் பட்டதில் எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான்.

ஞாயிறு

கண்டதையும் திறந்துவிட்டால் ஆட்கள் எதையாவது மாற்றிவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவார்கள் என்பது தயாரிப்பாளர்களின் கவலை. நியாயம்தான். அதற்கு ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு பக்கத்தை உள்ளே தள்ளி வைக்கலாம். அடியோடு எடுத்துவிடத் தேவையில்லை. லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு, ஜிபிஎல் உரிமத்தின்படி அந்த நிறுவனம் 2003-ல் மூலநிரலை வெளியிட்டது. அதை வைத்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. சேனல், டிஎன்எஸ், ஃபயர்வால் என்று எல்லாவற்றையும் பயனர் கையில் கொடுக்கும் அந்த மென்பொருள் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. திறந்துவிட்டதால் பல பழைய பெட்டிகளின் ஆயுள்தான் கூடியது.

மெஷ் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் அச்சடித்த வேகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 2.4-ஐத் தனியாகப் பிரிக்க முடியுமா, சேனலையும் டிஎன்எஸ்ஸையும் மாற்ற முடியுமா, இன்டர்நெட் இல்லாதபோதும் பிரவுசரில் செட்டிங்ஸ் பக்கம் திறக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மேனுவலை டவுன்லோடு செய்து படித்துப் பாருங்கள். அதில் இல்லையென்றால் வேறு மாடல் வாங்குங்கள்.