எழுபது வளைவுக்கு மேல ஒரு ஏரி!

கொல்லிமலை போற ஐடியா இருந்தா காலையில ரெண்டு இட்லியோட நிறுத்திக்கோங்க. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினா மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வேற! நாமக்கல்ல பஸ் ஏறின எங்க கேங், கோரஸா எண்ணிக்கிட்டே போச்சு. முப்பதைத் தாண்டினதும் சத்தம் குறைஞ்சது. 43-வது வளைவுல நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி... சரி, அது வேண்டாம் விடுங்க.

ஒருத்தன் மட்டும் எண்ணவே இல்லை. சுகமா தூங்கிட்டு வந்தான். அவனுக்கு அது வீட்டுக்குப் போற ரோடு. ஃபர்ஸ்ட் இயர்ல ஊரைக் கேட்டப்போ 'நாமக்கல்'னுதான் சொன்னான். கொல்லிமலைன்னு தெரிஞ்ச அன்னிக்கு 'காட்டான்'னு பேர் வெச்ச புண்ணியவான் நான்தான். ரெண்டு வருஷமா கிளாஸே அப்படித்தான் கூப்பிடுது. அவனும் சிரிச்சுக்குவான்.

ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் வீழ்த்தினதா புறநானூறு சொல்ற வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். நாங்க செம்மேட்டுல அவர் சிலை முன்னாடி போட்டோ எடுத்துட்டு, நேரா வாசலூர்ப்பட்டி ஏரிக்குப் போயிட்டோம். குட்டி ஏரிதான். ஆனா சுத்தி மலை, மேல மேகம், பெடல் படகு... மனசு லேசாயிடும், பாஸ்!

"நீ இங்க எத்தனை தடவை வந்திருப்பே?"ன்னு கேட்டேன்.

"படகுல ஏறுறது இதான்டா ஃபர்ஸ்ட் டைம்."

உள்ளூர்க்காரன்! எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. நடு ஏரியில பெடலை நிறுத்திட்டு எதிர்ச் சரிவைக் காட்டினான். அவங்க தாத்தா காலத்துல அங்கெல்லாம் சாமை, தினை. இப்போ மரவள்ளி. கிழங்கு லாரி ஏறி கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போயிடும். சாமையை விட அதுலதான் கையில காசு வருது. "அந்தக் கிழங்குதான்டா என் செமஸ்டர் ஃபீஸ்"னான். வீட்டுக்கு மட்டும் அவங்க பாட்டி இன்னும் கொஞ்சம் சாமை போடுறாங்களாம்.

மதியம் அந்தச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும்தான் சாப்பாடு. நான் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறிக்கிட்டே அவங்க அம்மா கேட்டாங்க:

"காலேஜ்ல இவனை எப்படித் தம்பி கூப்பிடுவீங்க? வீட்டுல நாங்க 'சாமி'ம்போம்."

கேங் மொத்தமும் இலையைப் பார்த்துச்சு. எனக்குச் சோறு இறங்கலை. அவன்தான், "பேரைச் சொல்லித்தாம்மா கூப்பிடுவாங்க"ன்னு சொல்லிட்டு எனக்கு மோர் ஊத்தினான்.

சாயங்காலம் ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். கிட்டத்தட்ட 300 அடி உயரத்துல இருந்து ஐயாறு விழுற சத்தத்துல பேசினா காது கேட்காது. அதனால திரும்பி ஏறும்போதுதான் சொல்ல முடிஞ்சது. எனக்கு மூச்சு வாங்குது, அவன் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு பத்துப் படி மேல நிக்கிறான். முதல் தடவையா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஸாரிடா."

"எதுக்கு?"ன்னான். நான் சொல்றதுக்குள்ள தண்ணி பாட்டிலை நீட்டினான்.

"குடிச்சிட்டு வா. இன்னும் பாதிப் படி இருக்கு."