இரண்டு மாணவர்களின் நாட்குறிப்பு

பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அங்குள்ள மரங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பார்கள். 1944 ஏப்ரல் முதல் தென்கிழக்காசியப் போரை நடத்திய நேச நாடுகளின் தலைமையகம் அம்மரங்களின் நிழலிலேதான் இருந்தது என்பதைச் சொல்பவர் சிலரே. தளபதி மவுண்ட்பேட்டன் அக்காலத்தில் எழுதிவந்த நாட்குறிப்பு 1988இல் நூலாக வெளிவந்தது. நான் பேச விரும்புவதோ எதிரணியில் நின்ற இருவரின் நாட்குறிப்புகளைப் பற்றி. அவ்விருவரும் தளபதிகள் அல்லர், பல்கலைக்கழக மாணவர்கள்.

1943 வரை யப்பானியப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் படைச்சேவையிலிருந்து தற்காலிக விலக்கு இருந்தது. போர் தோல்விமுகம் காட்டியதும் அவ்விலக்கு நீக்கப்பட்டது. விஞ்ஞானமும் பொறியியலும் கற்றோரை அரசு தொடர்ந்து படிக்க விட்டது; இலக்கியமும் சட்டமும் பொருளியலும் கற்றோரைப் படைக்கு அழைத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் நாள், டோக்கியோ நகரிலே, கொட்டும் மழையில், மாணவச் சீருடையுடன் தோளில் துப்பாக்கி தாங்கி அவர்கள் அணிவகுத்துச் சென்றனர். எந்தப் படிப்பு தனக்குத் தேவையற்றதென அவ்வரசு கருதியது என்பதை அந்த அணிவகுப்பே காட்டிவிட்டது. இலக்கியம் கற்பிக்கும் எவரும் இதை எளிதில் மறக்க இயலாது.

இவ்வாறு சென்று மடிந்தோருள் 75 பேரின் கடிதங்களும் குறிப்புகளும் 1949இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. கடலின் குரலைக் கேளுங்கள் என்பது அந்நூற் பெயரின் பொருள். பின்னர்ச் சிலருடைய நாட்குறிப்புகள் தனி நூல்களாகவும் வந்தன. அவற்றைப் பற்றி ஆங்கிலத்தின் வழியே படித்தறிந்தேன்.

சசாக்கி ஹச்சிரோ டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக மாணவர். மார்க்சியம் கற்றவர், முதலாளித்துவ யப்பான் அழிந்தே தீரும், அதன் சாம்பலிலிருந்து புதியதொரு நாடு பிறக்கும் என நம்பியவர். மியசாவா கெஞ்சி எழுதிய காகங்களின் கதை ஒன்று அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. போரில் பகைக் காகத்தைக் கொன்ற காகம், வெறுக்க இயலாத பகைவரைக் கொல்லத் தேவையற்ற உலகம் விரைந்து வரவேண்டுமென வேண்டிக்கொள்ளும் கதை அது. அக்கதையைப் பற்றிக் கட்டுரையே எழுதிய அவ்விளைஞர், 1945 பெப்ரவரியில் தற்கொலைத் தாக்குதல் விமானப் பிரிவில் சேர்ந்தார். ஏப்ரல் 14ஆம் நாள் மடிந்தார்.

ஹயாஷி தடாவோ கியோத்தோ பல்கலைக்கழகத்தவர். மாணவப் பருவத்தில், 1940இல் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு படைமுகாமிலும் தொடர்கிறது. லெனினின் 'அரசும் புரட்சியும்' நூலை முகாமின் மலசலகூடத்தில் ஒளிந்திருந்து படித்து, படித்த தாள்களைக் கிழித்து அழித்தவர் அவர். 1945 யூலை 28ஆம் நாள் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடிய இன்னும் 18 நாட்களே இருந்தன.

உயர்தர வகுப்பில் இவர்களைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "இவ்வளவும் விளங்கினவர்கள் ஏன் சேர் போனார்கள்?" என்று கேட்டாள். கோழைத்தனம் என்று சொல்லித் தப்பிவிடலாம். அது நேர்மையான விடையாகாது. 1925ஆம் ஆண்டின் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு யப்பானிய அரசு இடதுசாரி இயக்கத்தை நசுக்கிவிட்டிருந்தது. சிதைக்கப்பட்டுவிட்ட ஓர் இயக்கத்தின் நூல்களையே இவ்விளைஞர்கள் படித்தனர். உண்மை அவர்கள் கையில் இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ளத் தோழர்கள் இல்லை. தாழிட்ட கதவுக்குப் பின்னே ஒருவர் தனித்திருந்து படிக்கும் உண்மை எந்தப் போரையும் நிறுத்துவதில்லை.

அதே போர்க்காலத்துக் கண்டியை எண்ணிப் பாருங்கள். போரை ஏகாதிபத்தியப் போரென எதிர்த்து, 1940இல் சிறைப்பட்ட என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் போகம்பரைச் சிறையிலிருந்து 1942 ஏப்ரல் 7ஆம் நாள் தப்பிச் சென்றனர். சிறைக்காவலர் ஒருவரே அவர்களுக்குத் துணை நின்றார். இரு நாடுகளின் அடக்குமுறையும் ஒரே அளவினவல்ல என்பது மெய். எனினும் அந்நால்வருக்குக் கட்சி இருந்தது. வெளியே காத்திருக்கத் தோழர்கள் இருந்தனர். ஹயாஷிக்கு இருந்தது நாட்குறிப்பு மட்டுமே.

நாட்குறிப்புக்கூட இல்லாதோரையும் நாம் நினைத்தல் வேண்டும். டோக்கியோ மாணவர் மழையில் அணிவகுத்த அதே 1943 ஒக்டோபரில்தான் 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மா இரயில்பாதை முடிவுற்றது. அதிலே மடிந்த ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் வரை இருப்பர் என மதிப்பிடுவோர் உளர். அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர். அப்பாதையிலே உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் மறைவாக எழுதிய நாட்குறிப்புகள் பல நமக்குக் கிடைத்துள்ளன. அத்தமிழர் எழுதியதாக ஒன்றைத் தேடுவோர் வெறுங்கையுடனேயே திரும்புவர். எழுத்தறிவே மறுக்கப்பட்டவர் எதைக் கொண்டு எழுதுவர்? சசாக்கியின் பக்கங்களைப் படித்து உருகும் நாம், அவர் அணிந்த சீருடையின் ஆட்சிக்கீழ்தான் இந்த எலும்புகள் புதைந்தன என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

என் மாணவர்களிற் பலர் ஹந்தானைச் சாரலின் தோட்ட லயங்களிலிருந்து வருபவர்கள். எழுதப் படிக்க அறியாத பாட்டிமார் சொல்லும் பழைய செய்திகளை அவர்கள் இப்போது கொப்பிகளில் எழுதி வருகின்றனர்: கொழுந்து நிறுத்த தராசின் கதை, பங்கீட்டு அரிசியின் கதை, குடியுரிமை இழந்த நாட்களின் கதை. எழுதியதை மூடி வைக்க நான் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கின்றனர். "எங்கள் லயத்திலும் அப்படித்தான்" என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்கிறார்.