பெண்ணாடத்தில் ஒரு குட்டி ஜூடோ

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினால் பீங்கான் வாங்காமல் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, பொம்மை என்று எதுவோ ஒன்று. உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கேரியர்கூட இந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம் ஸார். அக்கா மகளுக்கு ஒரு பரதநாட்டியப் பொம்மை வாங்கிக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினேன்.

போனது கோயிலுக்கு அல்ல, பஞ்சாயத்துக்கு. பன்னிரண்டு வயசுப் பெண் ஜூடோ கற்கிறாள். போட்டிக்கு வெளியூர் போக அப்பா கையெழுத்துப் போடவேண்டும். மாமா போட மாட்டேன் என்கிறார். "நீ வந்து அவளுக்குப் புத்தி சொல்லுடா" என்று அக்கா போனில் அழுதாள். பி.காம். படித்தவன் எதற்கும் புத்தி சொல்வான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ஆனாலும் பிரளயகாலேஸ்வரர் கோயிலை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? கருவறையின் பின்பக்கம் படுத்துத் தூங்கும் யானை முதுகு மாதிரி வளைந்திருக்கும். அதனால் தூங்கானைமாடம் என்று பெயர். அப்பர் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற தலம். பிரளய வெள்ளத்தை விழுங்கச் சொன்னதால் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதாம். தேவலோகப் பெண்களும், ஆ என்ற காமதேனுவும், கடம் என்ற யானையும் கும்பிட்டதால் பெண்ணாகடம். நாம்தான் சுருக்கிப் பெண்ணாடம் ஆக்கிவிட்டோம். 'பெண் ஆடும் இடம்தானே, பிறகென்ன' என்று மாமாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அடி விழும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் மாமா ஈஸிசேரில் இருந்தார். "வா மாப்ளே. பொட்டப்புள்ளை குஸ்தி போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? அதுவும் இவ உசரத்துக்கு..."

பாப்பா குள்ளம். வகுப்பில் முதல் பெஞ்ச்.

புத்தி சொல்லப் போனவன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 'உசரம்' என்ற வார்த்தையில்தான் கட்சி மாறினேன்.

"மாமா, ஜப்பான்ல ரியோகோ தமுரான்னு ஒரு பொண்ணு. 48 கிலோ பிரிவு. அங்கே பிரபலமான காமிக்ஸ் ஒன்றின் ஜூடோ நாயகி யவாரா. அந்தப் பேரையே இவளுக்கும் செல்லப் பேரா வெச்சுட்டாங்க" என்று ஆரம்பித்தேன். 1992 பார்ஸிலோனாவில்தான் பெண்கள் ஜூடோ முறையாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. பதினாறு வயதில் ரியோகோவுக்கு வெள்ளி. அதன்பின் தொடர்ச்சியாக 84 வெற்றி. 1996 அட்லாண்டா இறுதிப் போட்டியில் எதிரே நின்றது பேர் தெரியாத வடகொரியப் பெண் க்யே சுன் ஹுய். அதற்கும் பதினாறு வயசு. ரியோகோ தோற்றார். மறுபடி வெள்ளி. நமக்கு ஒரு இன்க்ரிமென்ட் தள்ளிப்போனால் ஆறு மாசம் ஆபீஸில் யாரோடும் பேசமாட்டோம். இவர் எட்டு வருஷம் காத்திருந்து 2000 சிட்னியில் தங்கம் வாங்கினார். அந்த இறுதிப் போட்டி ஒரு நிமிஷம்கூட நடக்கவில்லை.

"கல்யாணம்?" என்றார் மாமா. அவர் கவலை அவருக்கு.

"2003ல. மாப்பிள்ளை பேஸ்பால் வீரர் தனி. 2004 ஏதென்ஸ்ல தனி வீட்டு மருமகளா மறுபடி தங்கம். குழந்தை பெத்த பிறகு 2007ல ஏழாவது உலகப் பட்டம், 2008ல வெண்கலம். 2010ல எம்.பி. ஆயிட்டாங்க."

"அது ஜப்பான்."

நியாயமான கேள்விதான். நம்ம ஊர்க் கதைக்கு மணிப்பூர் சுசீலா தேவியைக் கூப்பிட்டேன். அவரும் அதே 48 கிலோ. காமன்வெல்த்தில் 2014, 2022 இரண்டு முறையும் வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக் ஜூடோவில் இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள். "மணிப்பூர் போலீஸ்ல வேலை" என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கவர்ன்மென்ட் வேலை என்ற மந்திரத்துக்கு அசையாத மாமனார் வர்க்கம் உண்டா?

காயத்துக்குப் பிறகு பணமில்லாமல் சுசீலா தன் காரையே விற்றார் என்ற பகுதியை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். பாப்பாவிடம் பிறகு தனியாகச் சொன்னேன். "நம்மகிட்ட கார் இல்லையே மாமா" என்றாள்.

"சரி, என்ன கத்துக்கிட்டே, காட்டு" என்றார் மாமா. கோரைப் பாய் விரித்தாள். முதல் ஒரு மாசம் விழுவதற்கு மட்டும்தான் பாடமாம். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, விழும் அதே நொடியில் கையால் தரையை ஓங்கி அறைந்தாள். தலையில் அடிபடாது, அதிர்ச்சி கைவழியே போய்விடும் என்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். எழுபத்திரண்டு கிலோ ஸார் நான்! சட்டையைப் பிடித்தது தெரியும். முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்தது தெரியும். அடுத்துத் தெரிந்தது மின்விசிறி.

நான் விழுந்த அதிர்ச்சியில் டி.வி. ஸ்டாண்டு மேலிருந்த பரதநாட்டியம் கீழே குதித்து நாலு துண்டாயிற்று.

"அதுக்கு விழத் தெரியலை" என்றாள் பாப்பா, மூச்சு வாங்காமல்.

அக்கா துடைப்பம் எடுக்கப் போனாள். மாமா என்னைத் தூக்கிவிடக்கூட இல்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அந்த ஜப்பான் பொண்ணு எவ்வளவு உசரம்?"

"146 சென்டிமீட்டர் மாமா. நாலடி ஒன்பதரை அங்குலம்."

"இவ இன்னும் வளருவாளே" என்றவர், பேனா எங்கே என்று அக்காவைக் கேட்டார்.