இரண்டு கேபிள், ஒரு பாலம்

ராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு மாடி அறை. உள்ளூர் இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறை அது. ரேக்கில் புது லேயர்-3 சுவிட்ச் ஏறியிருந்தது. மதுரைப் பக்கத்து இணைப்பை மட்டுமே நம்பியிருந்தவர்கள், அன்று தூத்துக்குடிப் பக்கமிருந்து இன்னொன்றைச் சேர்த்தார்கள். இரண்டையும் ஆளப்போவது பிஜிபி. எந்தெந்த முகவரிக்குத் தங்களிடம் வழி உண்டு என்று வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறை அது. 1989இல் கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் காகித நாப்கினில் வரைந்து பார்த்த யோசனை, இன்று உலக இணையத்தையே கட்டி நிறுத்துகிறது.

பொறியாளர் தம்பி கன்சோல் கேபிளை மாட்டினார். முதலில் தங்கள் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண், அடுத்து அண்டை ரவுட்டரின் ஐபி முகவரி, அதன் ஏஎஸ் எண். டிசிபி 179ஆம் போர்ட்டில் இரண்டும் பேசவேண்டும். திரையில் ‘ஆக்டிவ்’ என்று வந்ததும் இணைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“நம்பிடாதீங்கண்ணே. இன்னும் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.”

ஏஎஸ் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. திருத்தியதும் ‘எஸ்டாப்ளிஷ்ட்’ வந்தது.

எதை ஏற்பது, எதைச் சொல்வது என்று தீர்மானிப்பதில்தான் பெரும்பொழுது போனது. உலகின் ஐபிவி4 வழிகள் சுமார் 10 லட்சம். இந்தச் சுவிட்சின் நினைவகம் அவ்வளவைத் தாங்காது. எனவே, தனி வழி தெரியாத முகவரிகளுக்கெல்லாம் பொதுவான டீஃபால்ட் வழியை மட்டும் இருபுறமிருந்தும் வாங்கிக்கொண்டார்கள். வெளியே சொல்வதற்குத் தங்கள் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் பிரிஃபிக்ஸ் லிஸ்ட். இந்தக் காவல் ஏன் தேவை என்பதற்கு 2008 பிப்ரவரியே சாட்சி. யூடியூபை நாட்டுக்குள் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்த வழி எல்லை தாண்டியது. அண்டை வீட்டார் சொன்னதை நெட்வொர்க்குகள் அப்படியே நம்பின. உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை.

மதுரை வழிக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் 200, தூத்துக்குடிக்கு வழக்கமான 100. எண் கூடியதே முந்தும். தம்பி மதுரை கேபிளை உருவினார். சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த பிங் ஓரிரு முறை தடுமாறித் தொடர்ந்தது.

“வழியில எங்கயாவது அறுந்து, நம்ம போர்ட்டுல மட்டும் விளக்கு எரிஞ்சா இவ்வளவு சீக்கிரம் மாறாதுண்ணே. எதிர்ப்பக்கம் 180 விநாடி பேசலேன்னாத்தான் இந்தச் சுவிட்ச் கைவிடும்.” அந்தக் காத்திருப்பைக் குறைக்க, இணைப்பு அறுந்ததைச் சட்டெனக் கண்டுபிடிக்கும் பிஎஃப்டியையும் இயக்கினார்.

மாலையில் ராமேஸ்வரம் புறப்பட்டோம். பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரிந்தது. 1914இல் திறந்த பழைய பாலம் 1964 டிசம்பர் புயலில் உடைந்தபோது, சீரமைக்க 46 நாள் பிடித்தது.

“ராமேஸ்வரம் தீவு சுவிட்சுக்கும் ரெண்டு நெய்பர் கொடுத்துரலாம். ரெண்டு ஃபைபரும் ஒரே பாலத்துல போச்சுன்னா?”

பிஜிபிக்கு அது இரண்டு வழி. கடலுக்கு ஒன்றுதான். ஏஎஸ் எண்ணைப் பார்க்கும் நெறிமுறைக்குப் பாலம் தெரியாது. அதைப் பார்க்கவேண்டியவர் கன்சோலில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

தம்பி மண்டபம் பக்கம் திரும்பி, ரேடியோ லிங்குக்கு மறைப்பில்லாத கோபுரம் எது என்று தேடிக்கொண்டிருந்தார்.