கழன்று வரும் சட்டம்

ஹைதராபாத்தின் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வழி சொல்பவர்கள் தெருப் பெயருக்கு முன்னால் மெட்ரோ தூணின் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு தூணுக்கு அருகே திரும்பி, மூன்றாம் மாடி ஏறியபோது காலை ஒன்பது மணி. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரைத் திறந்து, நாலடி நீள மீன் தொட்டி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி மரச்சட்டம் போட ஸ்ரீகாகுளம் பக்கத்துத் தச்சர் ஒருவர் வந்திருந்தார். அவர் வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

பழைய சட்டம் பால்கனியில் கிடந்தது. முன்பு வந்தவர் எம்.டி.எஃப். பலகையைப் பசையும் ஆணியுமாக அடித்துவிட்டுப் போயிருந்தார். ஃபில்டர் குழாயில் கசிவு வந்தபோது உள்ளே கைவிட வழியில்லாமல் உடைத்தே எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்ட ஓரம் ஊறிப்போன ரொட்டி போல உப்பியிருந்தது. தச்சர் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்; தூளாக உதிர்ந்தது. “மீன் இருக்கிற இடத்துல கை போக வழி வேணும் சார். இதுல வழியே வைக்கலை” என்றார்.

பெரிய மீன்காட்சியகங்களில் தொட்டிகளுக்குப் பின்னால் பணியாளர் நடக்க இடம் விட்டிருப்பார்கள். வீட்டில் அந்த வசதி ஏது? சட்டம்தான் கதவு.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 340 கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் முழுவதும் கீழே இருக்கும் இரும்பு ஸ்டாண்டுக்கு. தண்ணீர் நிறைந்ததும் முன்கண்ணாடி மிக லேசாக வெளிப்பக்கம் வளையும். அதனால் சட்டம் கண்ணாடியைத் தொடக்கூடாது. தச்சர் ஒரு பழைய லாமினேட் துண்டை நுழைத்து நுழைத்து, சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பிறகு குறுக்கு மூலைகளை அளந்தார். இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. “சுவர் என்னைக்குமே நேரா இருக்காது. சட்டம் நேரா இருந்தாப் போதும்” என்றபடி மூலைமட்டத்தை எடுத்தார்.

எடுத்துக்கொண்ட மரம் தேக்கு. முன்பக்கத்துக்குப் போட்ட அதே பாலிஷை முதுகுக்கும் போட்டார். முன்பக்கம் மட்டும் பூசினால் முதுகு ஈரத்தை இழுத்து, சட்டம் வில்லாக வளைந்துவிடும். சுவரைப் பார்த்திருக்கும் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் உப்புத்தாளை அங்கேதான் இன்னும் பொறுமையாகத் தேய்த்தார்.

மாட்டும் முறைதான் அன்றைய பாடம். ஒரு பட்டியை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைச் சாய்வு சுவரைப் பார்த்து இறங்கும்படி சுவரில் திருகினார். மறுபாதியைத் தலைகீழாக்கிச் சட்டத்தின் முதுகில் வைத்தார். மேலிருந்து இறக்கியதும் இரண்டும் கவ்விக்கொண்டன. சட்டத்தின் எடையே அதைச் சுவரோடு அணைத்துப் பிடிக்கிறது. கழற்ற வேண்டுமானால் சற்றே மேலே தூக்க வேண்டும். அதற்காக மேலே இரண்டு விரல் இடம் விட்டிருந்தார்.

கீழ்ப்பக்கம் ஆடாமலிருக்க நியோடிமியம் காந்தங்கள். காசளவு இருந்தாலும் இவற்றின் பிடி பலமானது. ஆனால் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு இரும்பு; மேலே நிக்கல் பூச்சு விட்டுப்போனால் ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். அதனால் குழி தோண்டி, காந்தத்தை இறக்கி, அரால்டைட்டால் மூடினார். கூட வந்த பையன் ஒரு காந்தத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான். மாட்டிப் பார்த்தால் சட்டத்தின் ஒரு மூலை மட்டும் சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறது. தச்சர் திட்டவில்லை. “தம்முடூ, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வை” என்று மார்க்கரை நீட்டினார். திருகுகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பித்தளையில் செம்பு இருக்கிறது; அதன்மேல் பட்ட நீர் தொட்டியில் சொட்டிக்கொண்டே இருந்தால் இறால்களுக்கு ஆகாது.

மொத்தம் பன்னிரண்டு அடிச் சட்டம். பசையும் ஆணியும் போதுமென்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இவருக்குப் பகல் முழுவதும் பிடித்தது. இப்படி ஓரச்சட்டம் போடும் பீடிங் வேலைக்கு அடிக்கணக்கில் கூலி பேசுகிற வழக்கம் இப்படிப்பட்ட கைகளுக்கு அநியாயம் செய்கிறது. கழன்று வர வேண்டிய எதையும் நாள்கூலி பேசித்தான் செய்யச் சொல்ல வேண்டும். அந்த வீட்டம்மா கேட்காமலேயே நாள்கூலி கொடுத்தார். பார்க்க நிறைவாக இருந்தது.

பணத்தை வாங்குமுன் தச்சர் அந்த அம்மாவையே சட்டத்தைக் கழற்றச் சொன்னார். முதல் முறை அவர் நேராக இழுத்தார், வரவில்லை. இரண்டாம் முறை தூக்கிவிட்டு இழுத்தார். சத்தமில்லாமல் கைக்கு வந்தது. தச்சர் அதை வாங்கித் திருப்பி, பாலிஷ் போட்ட முதுகில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி கீறினார். அதன் கீழே பென்சிலால் தெலுங்கில் எழுதினார்: “முந்து எத்து, தர்வாத்த லாகு.” முதலில் தூக்கு, பிறகு இழு.

“இவங்களுக்குத்தான் காட்டிட்டீங்களே அண்ணா, எழுதுறது யாருக்கு?” என்றேன்.

“இவங்க வீடு மாறிப் போயிட்டா?” என்று சொல்லிவிட்டுச் சட்டத்தை மாட்டினார். எழுத்து சுவர்ப்பக்கம் மறைந்தது.