மோர்க்குழம்பும் மாக்கரோனியும்

தில்லியில் மார்கழிக் குளிர் கடுமையானது. மாலை ஐந்தரை மணிக்கே இருள் கவிந்துவிடும். அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், சனிக்கிழமை இரவுதோறும் மாக்கரோனி உண்பதை வழக்கமாகக் கொண்டிருந்தது. வளைந்த சிறு குழல்களைப் போன்ற கோதுமைப் பண்டமே மாக்கரோனி. அதனை வேகவைத்து, வெண்ணெய், பால், சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டி ஆகியவை சேர்ந்த கெட்டியான குழம்பில் புரட்டித் தருவார் தாய். தந்தை, தாய், ஏழாம் வகுப்பில் பயிலும் மகள், அவளுடைய தம்பி ஆகிய நால்வரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி அமர்வர். வாரத்தில் நால்வரும் சேர்ந்து உண்ணும் வேளை அது ஒன்றே.

ஒரு சனிக்கிழமை அவ்வழக்கம் முறிந்தது. தந்தைக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர், உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார். பாலாடைக்கட்டியில் இவ்விரண்டுமே மிகுதி. அன்றிரவு தந்தை தனியே சப்பாத்தியும் வெந்த காய்கறியும் உண்டார். மகளின் தட்டில் இருந்த மாக்கரோனி எப்போதும்போலவே மணந்தது. ஆயினும் பாதிக்குமேல் அவளுக்கு இறங்கவில்லை.

“அப்பாவும் உண்ணத்தக்க மாக்கரோனியை நான் செய்யப்போகிறேன், அம்மா” என்றாள்.

தம்பிக்கு ஓர் ஐயம் எழுந்தது. “மாற்றிச் செய்தால் அது மாக்கரோனி ஆகுமா, அக்கா?” என்று கேட்டான்.

அவ்வுணவின் வரலாறே அவனுக்கு விடையாகும். மாக்கரோனி இத்தாலிக்குரிய உணவு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்கலைஞர்கள் தொகுத்த நூலிலேயே, மாவுத் துண்டுகளை வேகவைத்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்க்கும் முறை காணப்படுகிறது. 1802இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் அளித்த விருந்தொன்றில் மாக்கரோனி பரிமாறப்பட்டது. 1937இல் கிராஃப்ட் நிறுவனம் மாக்கரோனியையும் பாலாடைக்கட்டிப் பொடியையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் அப்பெட்டி உணவுக்கு நிறமூட்டிய செயற்கைச் சாயம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாகச் சேர்க்கப்பட்டவற்றுள் நம் வீட்டு மஞ்சளும் ஒன்று. நாடுதோறும் காலந்தோறும் மாறி வந்த உணவு, தில்லி வீடொன்றில் மட்டும் மாறலாகாதா?

அடுத்த சனிக்கிழமை, வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் வழக்கமான அளவில் கால் பங்காகக் குறைத்தாள் மகள். வேறெதையும் மாற்றவில்லை. குழம்பு நீர்த்துப் போயிற்று, சுவையும் இல்லை. தம்பி தட்டை நகர்த்தி வைத்தான். தந்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் உண்டு முடித்தார். அதுவே அவளை மிகவும் வருத்தியது.

“ஒன்றை எடுத்துவிடும் முன், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும், கண்ணம்மா” என்றார் தாய்.

இருவரும் எண்ணிப் பார்த்தனர். பாலாடைக்கட்டி சுவை தந்தது; உப்புத் தந்தது; குழம்புக்குக் கெட்டித்தன்மையும் வழவழப்பும் தந்தது. அந்த வேலைகளை வேறு பொருள்களிடம் பகிர்ந்தளிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் தில்லிச் சந்தையில் காலிஃபிளவரும் பச்சைப் பட்டாணியும் செந்நிறக் கேரட்டும் மலிவாகக் கிடைக்கும். மூன்றாம் வாரம், 200 கிராம் காலிஃபிளவரைக் குழைய வேகவைத்து, கீரை கடையும் மத்தால் வெண்ணெய்போலக் கடைந்தாள் மகள். முன்பு 200 கிராம் பாலாடைக்கட்டி சேர்த்த இடத்தில், செடார் என்னும் வகையில் 60 கிராம் மட்டும் எடுத்துக்கொண்டாள். அதன் சுவை அழுத்தமானது. ஆதலால் சிறிதளவே போதும். கெட்டித்தன்மைக்குத்தான் காலிஃபிளவர் உண்டே என்று கருதி, வழக்கமாகச் சேர்க்கும் கோதுமை மாவை விட்டுவிட்டாள். பாலில் எல்லாவற்றையும் கலந்து, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டாள். சற்று நேரத்தில் குழம்பில் எண்ணெய் தனியே மிதந்தது. பாலாடைக்கட்டி சிறு சிறு திரளாக அடியில் தங்கியது.

அவ்வேளையில் கும்பகோணத்திலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தார்.

“பாட்டி, குழம்பு கிழிந்துவிட்டது!” என்றாள் பேத்தி, அழாக்குறையாக.

மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. “துணி கிழியும், தாள் கிழியும். பால் திரியும், கண்ணம்மா.”

பால் கெடுவதற்கும் துணி கிழிவதற்கும் இந்தியில் ஒரே சொல் வழங்குகிறது. பள்ளியில் கேட்டுப் பழகிய அதனை அவள் அப்படியே தமிழாக்கியிருந்தாள். ‘திரிதல்’ என்னும் சொல் அன்றுதான் அவளுக்கு அறிமுகமாயிற்று.

பாட்டி மாக்கரோனியை உண்டதில்லை. ஆயினும், “மாவு சேர்த்தாயா? கொதிக்கவிட்டாயா?” என்று இரண்டு கேள்விகள் கேட்டார். விடைகளைக் கேட்டபின் சொன்னார்: “மோர்க்குழம்பு எப்படி வைக்கிறோம்? ஊறவைத்த அரிசியையும் பருப்பையும் தேங்காயோடு அரைத்து மோரில் கலக்கிறோம். நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். கொதித்தால் திரிந்துவிடும். உன் குழம்பும் பாலில் பிறந்ததுதானே?”

பாட்டி சொன்னதில் அறிவியல் இருந்தது. கடுஞ்சூட்டில் பாலாடைக்கட்டியின் புரதம் இறுகித் திரண்டு, கொழுப்பை வெளியே தள்ளுகிறது. மாவிலுள்ள மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்து, அப்புரதம் ஒன்றாகத் திரளாதவாறு இடையில் நின்று தடுக்கிறது. கும்பகோணத்து அரிசி செய்யும் வேலையைத் தில்லியில் கோதுமை மாவு செய்ய வேண்டும்.

நான்காம் சனிக்கிழமை, இரண்டு தேக்கரண்டி வெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை மெல்லிய தீயில் வறுத்தாள். இரண்டு குவளைப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறினாள். குழம்பு கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் கடைந்த காலிஃபிளவரைச் சேர்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பின்னரே துருவிய பாலாடைக்கட்டியைத் தூவினாள். குறைந்த சுவையை ஈடுசெய்யக் கால் தேக்கரண்டி கடுகுத்தூளும் சிறிது மிளகுத்தூளும் இட்டாள், உப்புச் சேர்க்கவில்லை. கேரட்டும் பட்டாணியும் உடன் வெந்த 200 கிராம் மாக்கரோனியை அதில் புரட்டினாள்.

குழம்பு பட்டுப்போல் இருந்தது. நால்வரும் மீண்டும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்தனர். தம்பி பட்டாணிகளைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தான். ஆனால் மறுமுறையும் கேட்டு வாங்கினான். காலிஃபிளவர் இருந்ததை அவன் அறியவே இல்லை.

உண்டு முடித்ததும் மகள் கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

“பாட்டி, இன்று குழம்பு திரியவில்லை!”

பாட்டி குழம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “என் பிள்ளை உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டானா?” என்றுதான் கேட்டார்.

சிந்தித்து எழுதுக

1. முதல் முயற்சியில் மகள் செய்த பிழை யாது? தாய் அதனை எவ்வாறு உணர்த்தினார்?
2. மோர்க்குழம்புக்கும் மாக்கரோனிக் குழம்புக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.
3. கிழிதல், திரிதல், உடைதல், முறிதல் ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
4. உங்கள் வீட்டில் ஊர் மாறியதால் மாறிய உணவு ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.